எலியும் தேய்மானமும்

தலை வலிக்கிறது என்று மும்பையில் யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: டென்ஷன். செம்பூர் மருந்துக்கடைக்காரர் சொல்வார். ஃபோர்ட் அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் பையன் சொல்வான். படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவரும் என் கையிலிருந்து ரத்த அழுத்தப் பட்டையை அவிழ்த்துக்கொண்டே அதையே சொல்வார். இந்தப் பதிலின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு கசப்பு உண்டு. அது பொய் என்பதால் அல்ல. பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மறுக்கவே முடியாத பதில் என்பதுதான் அதிலுள்ள தொல்லை. தனியாக வாடகை கொடுத்து, ஊரில் வயதான தாயை வைத்துக்கொண்டு, ஹார்பர் லைன் ரயிலில் வேலைக்குப் போய்வரும் 45 வயதுப் பெண்ணிடம் "ஏதாவது கவலை இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றா சொல்வாள்? கவலை இருக்கிறது, தலைவலியும் இருக்கிறது, ஆகவே கவலையால் தலைவலி. கேட்டவருக்கு நிம்மதி, எனக்கு மாத்திரை.

வலியின் வழித்தடம் எனக்கு மனப்பாடம். காலையில் கண் விழிக்கும்போதே இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும் ஒரு மந்தமான அழுத்தம் இருக்கும். பல் துலக்கும்போது தாடை முழுவதாகத் திறக்க மறுக்கும். பத்து மணிவாக்கில் வலி சற்றுத் தணிந்து, மாலை ரயிலில் மறுபடியும் வந்து உட்காரும். சில நாட்களில் வலது காதுக்குள் குடைச்சல். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றினார்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, காது சுத்தமாக இருக்கிறது என்றார். சைனஸ் என்று ஒருவர், ஒற்றைத் தலைவலி என்று ஒருவர். ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் தேடிப் பார்த்தார்கள். தத்தம் எல்லைக்குள் எதுவும் இல்லாதபோது எல்லோரும் டென்ஷனில் வந்து நின்றார்கள். இதற்கிடையில் ஊரிலிருந்து வந்த கடலைமிட்டாயை என்னால் கடிக்க முடியாமல் போனது. கோவில்பட்டிக்காரிக்கு இது சாதாரண அவமானம் இல்லை. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தை அம்மிக்கல்லில் தட்டிப் பொடியாக்கித் தின்றுகொண்டிருந்தேன்.

நான் வேலை பார்ப்பது கடல்சார் காப்பீட்டில், இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில். சரக்கு நனைந்தது, உடைந்தது, கெட்டது என்று கோப்புகள் வரும். எங்கள் தொழிலின் முதல் பாடமே நேரடிக் காரணம் எது என்று கேட்பதுதான். மூட்டையில் தண்ணீர் புகுந்தது என்றால் எந்த வழியாகப் புகுந்தது? "அந்த மாதம் கடல் கொந்தளிப்பாக இருந்தது" என்று யாராவது எழுதினால் அது வானிலைச் செய்தி, காரணம் ஆகாது. கப்பலின் சரக்கறை மூடி சரியாக மூடப்படவில்லை, அதன் வழியே கடல்நீர் இறங்கியது என்று எழுதினால்தான் கோப்பு நகரும். இந்தப் பழக்கம் எனக்குள் ஊறிப்போனதால் என் தலைவலியையும் அப்படித்தான் பார்த்தேன். டென்ஷன் என்பது கடல் கொந்தளிப்பு. தண்ணீர் உள்ளே வந்த வழியை யாருமே காட்டவில்லை.

அரிசி டப்பா

ஒரு ஜனவரியில் அம்மா நாகர்கோவில் ரயிலில் வந்து இறங்கினாள். எனக்கு ஓர் அறை, ஒரு சமையலறை, வீடு தரைத்தளம். கட்டிலில் படுக்கச் சொன்னால் கேட்கமாட்டாள். கீழே பாய் விரித்துக்கொண்டாள். நடுநிசியில் அவளுக்கு விழிப்பு வந்திருக்கிறது. எங்கேயோ நறநறவென்று சத்தம். செம்பூர் எலிகளின் பெருமையை நான் தொலைபேசியில் நிறையச் சொல்லியிருந்ததால், அரிசி டப்பாவைத்தான் எலி கரம்புகிறது என்று முடிவு செய்து, கைப்பேசி வெளிச்சத்தை அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போயிருக்கிறாள். டப்பாவை நகர்த்தி, சிலிண்டருக்குப் பின்னால் பார்த்து, துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் சமையலறையில் இல்லை. திரும்பி வந்து கட்டிலுக்கு அடியில் வெளிச்சம் அடித்தாள். அங்கேயும் இல்லை. பிறகுதான் அது கட்டிலின் மேலிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கிறது. துடைப்பத்தோடு என் தலைமாட்டில் உட்கார்ந்து விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாளாம். காலையில் காப்பி கொடுக்கும்போது, "ராத்திரி முழுக்க நீ எதை மென்றுகொண்டிருந்தாய்?" என்று கேட்டாள்.

பல் அரைப்பவருக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை. உறங்கும் வாயில் என்ன நடக்கிறது என்று சொல்ல, அருகில் இன்னொருவர் படுத்திருக்க வேண்டும். தனியாக உறங்குபவர்களுக்கு அந்தச் சாட்சி கிடையாது. 1994இல் கனடாவில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் பெரியவர்களில் சுமார் 8 சதவீதம் பேர் உறக்கத்தில் பல் அரைப்பதாகத் தெரிந்தது. இன்றும் அந்த எண்ணைத்தான் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அது ஆட்களிடம் கேட்டுத் தொகுத்த கணக்கு. கேட்டுச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் அதில் எந்தப் பக்கம் விழுந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சாட்சி இல்லாத இழப்பை எங்கள் துறையில் இழப்பே இல்லை என்று எழுதிவிடுவோம். மருத்துவக் கணக்கிலும் அப்படி நடக்காது என்பதற்கு என்ன உறுதி?

அம்மா அன்றே நோயைக் கண்டுபிடித்துவிட்டாள்: வயிற்றில் பூச்சி. உறக்கத்தில் பல்லை நறநறக்கும் பிள்ளைக்குப் பூச்சி மருந்து கொடுக்காத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. சுண்டைக்காய் வற்றல் குழம்பு தொடர்ந்து கொதித்தது. வேப்பங்கொழுந்து எங்கிருந்தோ வந்தது. முடிவில் அல்பெண்டசோல் மாத்திரையும் வாங்கிவரச் சொல்லி, எதிரில் நின்று விழுங்க வைத்தாள். பூச்சிக்கும் பல் அரைப்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனாலும் அம்மாவின் காரணத்துக்கு ஒரு நேர்மை இருந்தது என்பேன். மருந்து கொடுத்தாள், சத்தம் நிற்கிறதா என்று இரவில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், நிற்கவில்லை என்றதும் பூச்சியைக் கைவிட்டாள். டென்ஷன் கட்சிக்காரர்கள் யாரும் தங்கள் காரணத்தை அப்படிச் சோதனைக்கு விட்டதில்லை.

அடுத்து ஒரு பல் மருத்துவமனை. பளபளப்பான இடம். என் கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகிவிட்டன, நாக்கின் ஓரத்தில் பல்தடம் பதிந்திருக்கிறது, கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது என்று கேமராவில் காட்டினார்கள். அதுவரை சரி. மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகப் பொருந்தவில்லை, அதனால்தான் அரைக்கிறீர்கள், எல்லாக் கடைவாய்ப் பற்களையும் செதுக்கி உறை போட்டால் நின்றுவிடும் என்றார்கள். தொகை லட்சங்களில் இருந்தது. பொருந்தாத கடிதான் காரணம் என்பது சென்ற நூற்றாண்டின் நடுவில் கொடிகட்டிப் பறந்த கருத்து. இப்போது ஆய்வாளர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. காரணத்தைப் பல்லில் தேடுவதை விட்டு மூளையில் தேடுகிறார்கள். தாடை வலிக்காகக் கடியையோ பல்லையோ நிரந்தரமாக மாற்றும் சிகிச்சைகளைத் தவிர்க்கவேண்டும் என்று அமெரிக்க அரசின் பல், முக ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.டி.சி.ஆர். பொதுமக்களுக்கே எழுதி வைத்திருக்கிறது. எனாமல் மறுபடி வளராது. செதுக்கிய பிறகு மனம் மாறினால் திருப்பி ஒட்ட வழியில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

"இப்போது உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன?"

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாவைப் பற்றி அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பாலக்காட்டுத் தமிழ் பேசுபவர், அறுபதைத் தாண்டியவர். நாற்காலியில் சாய்ந்ததும் நான் வழக்கம்போல என் கவலைகளின் பட்டியலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கவலையைக் கேட்கவில்லை. வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்தபோதே நிறுத்தி, "இப்போது, இந்த நிமிடம், உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டார்.

என்ன கேள்வி இது என்று முதலில் தோன்றியது. பற்கள் வாயில் இருக்கின்றன. பிறகு கவனித்தேன். மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. நறநறப்பு இல்லை, பெரிய அழுத்தமும் இல்லை. சும்மா தொட்டுக்கொண்டு, கொஞ்சம் இறுக்கமாக. அப்படித்தானே இருக்கும் என்றேன். இருக்கக் கூடாது என்றார் அவர். சும்மா இருக்கும்போது உதடுகள் மூடியிருக்க வேண்டும், பற்கள் தொடக் கூடாது. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மேலும் கீழும் பற்கள் உண்மையில் சந்திக்க வேண்டிய தேவை மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான். நாள் முழுவதையும் கூட்டினாலும் அது அரை மணி நேரத்தைத் தொடாது.

எனக்கு அது அன்றைக்குப் பிறகு பல நாட்கள் தூக்கத்தைக் கெடுத்த செய்தி. இத்தனை வயதுவரை வாயை மூடுவது என்றால் பல்லையும் மூடுவது என்றே நினைத்திருக்கிறேன். பள்ளியில் வாயை மூடு என்றார்கள்; பல்லைத் திறந்துவை என்று யாரும் சொல்லித்தரவில்லை. டாக்டரம்மா 'ம்' என்று இழுத்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். உதடு சேர்ந்திருக்க, தாடை தானாகவே கீழே இறங்கி நின்றது. "அதுதான் அதன் வீடு. நீங்கள் அதை நாள் முழுக்க வெளியே நிற்க வைத்திருக்கிறீர்கள்" என்றார். பிறகு என் விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்துக் கடிக்கச் சொன்னார். இதைப் படிப்பவர்களும் செய்து பார்க்கலாம். விரலுக்கடியில் ஒன்று புடைக்கும். தலையின் பக்கவாட்டில் விசிறியாகப் பரவி, கீழ்த்தாடையில் போய் முடியும் தசை அது. கன்னத்தில் கை வைத்தால் இன்னொன்று புடைக்கும். காதுக்குச் சற்று முன்னால்தான் தாடை மூட்டு. கண்ணாடிக்கடைக்கும் காது மருத்துவருக்கும் அலைந்த என் வலிகள் எல்லாம் அந்த ஒரு சாணுக்குள் இருந்தன. தண்ணீர் இறங்கிய வழி அதுதான்.

இரவில் அரைப்பது வேறு, பகலில் கடித்து வைத்திருப்பது வேறு என்பதையும் அவரிடமே தெரிந்துகொண்டேன். பிறகு நானாகவும் தேடிப் படித்தேன். இரவில் நடப்பது பெரும்பாலும் ஆழமில்லாத உறக்கத்தில். முதலில் மூளை சில நொடிகள் அரைவிழிப்புக்கு வருகிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது, அதன் பிறகே தாடைத் தசைகள் தாளமாக இயங்கத் தொடங்குகின்றன. குடும்பத்தில் தொடர்ந்து வரலாம். காப்பி, மது, புகை ஆகியவற்றோடு தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு உள்ளவர்களிடமும் இது காணப்படுகிறது. ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள்கூடச் சிலருக்குப் பல் அரைப்பதைக் கொண்டுவரும். அப்படியானால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும், தானாக நிறுத்திவிடக் கூடாது. 2018இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட கருத்தொற்றுமைக் கட்டுரை, வேறு நோய் இல்லாதவரிடம் இதை ஒரு நோய் என்றே சொல்ல வேண்டியதில்லை, சில விளைவுகளுக்கு இடம் கொடுக்கக்கூடிய ஒரு தசைச் செயல்பாடு என்கிறது. மற்றொரு செய்திதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நியூயார்க்கில் தாடைத் தசை வலி உள்ள பெண்களையும் இல்லாத பெண்களையும் உறக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. இரண்டு குழுவினரும் பல் அரைத்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அம்மாவை விழிக்க வைத்த அந்தச் சத்தம் என் பல்லைத் தேய்த்திருக்கலாம். வலிக்கும் அதுவே முழுப் பொறுப்பு என்று தீர்ப்பெழுத முடியாது. சத்தமே இல்லாமல், பகல் முழுக்க, கோப்புகளுக்கு முன்னால் லேசாகக் கடித்தபடி இருந்த கடிக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

டென்ஷன் கட்சிக்கு நியாயம் செய்யவேண்டும். கோவிட் காலத்தில், 2021இல், அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்களிடம் கேட்டபோது 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பல் அரைக்கும், கடிக்கும் நோயாளிகள் அதிகரித்திருப்பதாகச் சொன்னார்கள். மன அழுத்தத்துக்கும் பகல்நேரக் கடிக்கும் உறவு இல்லை என்று நான் சொல்லவில்லை. கடல் கொந்தளிக்கத்தான் செய்கிறது. ஆனால் கொந்தளிப்பை நிறுத்து என்று என்னிடம் சொல்லி என்ன பயன்? வாடகையை நான் குறைக்க முடியாது. அம்மாவின் வயதையும் குறைக்க முடியாது. மூடியைச் சரிபார் என்றால் அதைச் செய்வேன். அதோடு, டென்ஷன் என்ற தீர்ப்பில் ஒரு கண்டிப்பும் ஒளிந்திருக்கிறது: நீ அமைதியாக இருந்திருந்தால் உனக்கு வலித்திருக்காது. ஆண்களிடம் இதே தொனியில் சொல்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

பொட்டு

டாக்டரம்மா சொன்ன சிகிச்சையில் பாதிக்குச் செலவே இல்லை. கண்ணில் படும் இடங்களில் ஏதாவது ஓர் அடையாளம் ஒட்டிவைக்க வேண்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்கள் எங்கே என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் பிரித்துவிட வேண்டும். கைப்பையில் இருந்தது ஸ்டிக்கர் பொட்டு அட்டைதான். கணினித் திரையின் மூலையில் ஒன்று, தொலைபேசியின் மேல் ஒன்று, வீட்டில் அடுப்புக்கு மேலே ஒன்று, கண்ணாடியில் ஏற்கெனவே நாலைந்து இருந்தன. பக்கத்து மேசை மராத்திப் பெண், எங்கள் ஊரில் கணினிக்கும் பொட்டு வைப்பார்கள் போலும் என்று ஆயுதபூஜையோடு சேர்த்து முடிவு செய்துகொண்டாள். நான் திருத்தவில்லை. முதல் வாரங்களில் பார்க்கும்போதெல்லாம் பற்கள் கடித்தபடியே இருந்தன. மின்னஞ்சல் எழுதும்போது கடி, தொகை கூட்டும்போது கடி, படியேறும்போதுகூடக் கடி. கோபமான கடிதங்களைப் படிக்கும்போது மட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஊசியில் நூல் கோக்கும்போதும் இருந்தது. கவலைக்கும் கடிக்கும் போட்ட முடிச்சு அங்கேயே கொஞ்சம் தளர்ந்துவிட்டது. கவனத்துக்கும் கடிக்கும் முடிச்சு போட்டால் இன்னும் சரியாக இருக்கும்.

ரயிலிலும் இந்தப் புத்தி போகவில்லை. பெண்கள் பெட்டியில் எதிர் இருக்கையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு வருபவரின் கன்னத்தில் ஒரு தசை ஏறி இறங்கும். குர்லாவில் முட்டி மோதி ஏறுபவர்கள் எல்லோருடைய தாடையும் பூட்டியிருக்கும். சூனாபட்டி தாண்டிய பின்னும் சிலர் திறக்க மறந்திருப்பார்கள். கைப்பேசியில் ஏதோ பார்த்துச் சிரிக்கும் பெண்ணின் சிரிப்பு முடிந்ததும் கன்னம் மறுபடி இறுகும். "பல்லைப் பிரித்து வையுங்கள்" என்று முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் வருகிறேன்.

மறுபாதிச் சிகிச்சை நைட் கார்டு. அச்செடுத்து, கெட்டியான அக்ரிலிக்கில் மேல்வரிசைக்கு ஒரு தட்டு. இதை எடுத்துக்கொடுத்தபோதே டாக்டரம்மா, இது அரைப்பதை நிறுத்தாது, பல்லுக்குப் பதிலாகத் தான் தேயும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. மருந்துக்கடையில் விற்கும், வெந்நீரில் போட்டு மென்மையாக்கிக் கடிக்கும் வகை வேண்டாம் என்றார். மெத்தென்று இருப்பதால் சிலர் அதை இன்னும் மெல்லத் தொடங்கிவிடுவார்களாம். போட்டாக்ஸ் ஊசி பற்றிக் கேட்டேன். தசையைத் தளர்த்தும், சில மாதங்களில் வேகம் போய்விடும், உங்களுக்கு இப்போது தேவையில்லை என்றார். வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாளைக்குக் கடலைமிட்டாய்க்கும் முறுக்குக்கும் விடுமுறை. வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. காலை அழுத்தம் முதலில் குறைந்தது, காதுக் குடைச்சல் பிறகு. மாலை ரயில் தலைவலி மட்டும் மாதக் கடைசிக் கணக்கு முடிப்பின்போது இன்னும் எட்டிப் பார்க்கிறது.

செலவைக் காப்பீட்டில் கேட்கலாமா என்று என் மருத்துவப் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் ஒழியப் பல் சிகிச்சை கிடையாது என்று, நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. எங்கள் பிரிவுச் சட்டம் அதைவிடக் கறார். 1963ஆம் ஆண்டு இந்தியக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 55ஆம் பிரிவு: பாலிசியில் வேறுவிதமாகச் சொல்லாதவரை சாதாரணத் தேய்மானத்துக்கும், பொருளின் உள்ளார்ந்த குறைபாட்டால் வரும் இழப்புக்கும், எலிகளை நேரடிக் காரணமாகக் கொண்ட இழப்புக்கும் காப்பீட்டாளர் பொறுப்பல்லர். 1906ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து அப்படியே வந்த வாசகம். தேய்மானம், உள்ளார்ந்த குறைபாடு, எலி. என் வழக்கை மூன்று வழியிலும் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, பில்லில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

போன தடவை தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வலது கடைவாய்ப் பக்கம் கோடு கோடாகத் தேய்ந்திருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இதெல்லாம் பல்லில் விழுந்திருக்க வேண்டியது என்று திருப்தியாகச் சொன்னார். இன்னும் ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் இழுபறி. மாலைக் காப்பியை நிறுத்தச் சொல்கிறார். வெளியே இறங்கினால் தெரு முழுக்க டிகாஷன் மணக்கும் மாட்டுங்காவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இதைச் சொல்லலாமா? மூன்று மணிக்கு முன்னால் குடித்து முடித்துவிடுகிறேன் என்றேன். அரை டம்ளர் என்றார். முக்கால் டம்ளரில் பேச்சு நிற்கிறது.